பூனைக்குச் சளி பிடித்தால் துணைச்சத்து கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தும்மலும் மூக்கடைப்பும் கண்ணில் பீளையுமாக ஒரு பூனை சுருண்டு படுத்திருக்கும்போது, கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு பவுடரையோ டானிக்கையோ கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். எனக்கும் வந்தது, வாங்கவும் செய்தேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன், நீண்ட காலமாகப் பூனைகளோடு வாழ்பவன். பிற பூனை வளர்ப்பாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, ஆய்வுகளில் வெளிவந்தவற்றையும் பழக்கத்தில் கண்டவற்றையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சப்ளிமென்ட் என்று கடைகளில் விற்கப்படுபவற்றை இந்தப் பக்கம் முழுவதும் துணைச்சத்து என்றே குறிப்பிடுகிறேன்.

பூனைக்கு வரும் சளியும் நமக்கு வரும் சளியும் ஒன்றுதானா?

இல்லை. பூனைகளின் மேல் சுவாசப்பாதைத் தொற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வைரஸ்கள் காரணம்: பூனை ஹெர்பிஸ் வைரஸ், பூனை காலிசி வைரஸ். இவற்றோடு கிளமிடியா, போர்டெடெல்லா, மைக்கோபிளாஸ்மா ஆகிய பாக்டீரியாக்கள் தனியாகவோ துணையாகவோ சேர்ந்துகொள்ளும். ஹெர்பிஸ் என்றால் தும்மலும் கண் சிவப்பும் கருவிழிப் புண்ணும் முன்னே நிற்கும். காலிசி என்றால் நாக்கிலும் ஈறிலும் புண் வந்து எச்சில் வடியும், சில பூனைகள் ஓரிரு நாள் நொண்டவும் செய்யும். வெளியிலிருந்து பார்த்து உறுதியாகப் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம்.

துணைச்சத்தைப் பற்றி யோசிப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஹெர்பிஸ் ஒரு முறை உடலுக்குள் நுழைந்துவிட்டால் பெரும்பாலான பூனைகளில் அது நரம்பு முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டு ஆயுள் முழுவதும் தங்கிவிடும். வீடு மாறுதல், புதுப் பூனையின் வருகை, பிரசவம், ஸ்டீராய்டு மருந்து என்று ஏதாவதொரு நெருக்கடி வரும்போது மீண்டும் தலைகாட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும்.

லைசின் கொடுத்தால் ஹெர்பிஸ் அடங்கும் என்கிறார்களே, உண்மையா?

பூனைச் சளிக்கென்று உலகெங்கும் அதிகம் விற்ற துணைச்சத்து இதுதான் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லைசின் ஓர் அமினோ அமிலம். ஹெர்பிஸ் வைரஸ் பெருகுவதற்கு அர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலம் தேவை. லைசினை அதிகமாகக் கொடுத்தால் அது அர்ஜினினோடு போட்டியிட்டு அதைக் குறைக்கும், வைரஸ் பட்டினி கிடக்கும் என்பதுதான் அடிப்படை எண்ணம். மனிதர்களின் உதட்டுப்புண்ணுக்குச் சொல்லப்பட்ட இந்த விளக்கம் அப்படியே பூனைக்கும் வந்து சேர்ந்தது. ஆய்வகக் குடுவையில் செய்த சோதனையில், அர்ஜினின் மிகக் குறைவாக இருந்த ஊடகத்தில் மட்டுமே லைசினால் வைரஸின் பெருக்கத்தைத் தடுக்க முடிந்தது. உயிருள்ள பூனையின் உடல் அப்படிப்பட்ட குடுவை அன்று.

2002இல் எட்டுப் பூனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தொற்றை உண்டாக்குவதற்கு முன்பிருந்தே வேளைக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை லைசின் பெற்ற பூனைகளுக்குக் கண் அழற்சி சற்றுக் குறைவாக இருந்தது. உடலிலிருந்து வெளியேறிய வைரஸின் அளவில் வேறுபாடு இல்லை. மறு ஆண்டு, ஏற்கெனவே ஹெர்பிஸ் ஒளிந்திருந்த பூனைகளுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்ததில், இடம் மாற்றியபோது வெளியேறிய வைரஸ் குறைந்தது. இந்த இரண்டு சிறிய ஆய்வுகளின் தோளில் ஏறித்தான் லைசின் ஜெல்லும் பவுடரும் கடைக்கு வந்தன.

பிறகு நடந்ததைக் கடை விளம்பரங்கள் சொல்வதில்லை. 2007இல், சளி ஏற்கெனவே புழங்கிய ஒரு பூனைக் கூட்டத்துக்கு லைசின் சேர்த்த உணவு கொடுத்தபோது, அதைத் தின்ற பூனைகளின் நோய் குறையவில்லை, கூடியது. 2008இல், ஒரு காப்பகத்தில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான பூனைகளைக் கொண்டு, பாதிக்கு லைசின் கொடுத்தும் பாதிக்குக் கொடுக்காமலும் பார்த்ததில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2009இல் இன்னொரு காப்பகத்தில் 261 பூனைகளிடையே, 1.7 சதவீதம் லைசின் இருந்த வழக்கமான உணவையும் 5.1 சதவீதம் இருந்த உணவையும் ஒப்பிட்டார்கள். அதிக லைசின் பெற்ற பிரிவில்தான் நோயின் கடுமையும் கூடியது, ஹெர்பிஸ் கண்டறியப்பட்டதும் அதிகமாக இருந்தது. 2015இல் செபாஸ்டியான் போல், எவலின் புன்னிக் ஆகிய இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் படித்துவிட்டு, பூனைகளுக்கு லைசின் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். லைசின் பூனையின் உடலில் அர்ஜினினைக் குறைப்பதாகவே தெரியவில்லை என்பதும் அவர்களுடைய வாதங்களில் ஒன்று.

குறைத்தால் மட்டும் நல்லதா என்றால் அதுவும் இல்லை. உடலில் உருவாகும் அமோனியாவை ஈரலில் யூரியாவாக மாற்றப் பூனைக்கு அர்ஜினின் கட்டாயம் வேண்டும். அதைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளும் திறன் அதற்குக் கிடையாது. அர்ஜினின் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவைத் தின்ற பூனைகள் சில மணி நேரத்தில் அமோனியா நஞ்சேறி வீழ்ந்ததை 1978இலேயே காட்டியிருக்கிறார்கள். வைரஸைப் பட்டினி போடும் திட்டம் வெற்றி பெற்றால் முதலில் விழுவது பூனையாகத்தான் இருக்கும்.

2007ஆம் ஆண்டு ஆய்வில் எனக்கு மறக்க முடியாமல் நிற்கும் குறிப்பு வேறு. நோய் உச்சத்துக்குப் போன நாட்களில் பூனைகள் சரியாகத் தின்னவில்லை. ஆகவே உணவில் கலந்த லைசினும் அந்த நாட்களில் உள்ளே போகவில்லை. உணவில் கலந்து கொடுக்கும் எந்தத் துணைச்சத்துக்கும் இந்தக் கதிதான்.

ஆனால் என் பூனைக்கு லைசின் கொடுத்து நான்கே நாளில் சரியாகிவிட்டதே?

நம்புகிறேன். எங்கள் வீட்டுச் சாம்பல் பூனைக்கும் அப்படித்தான் ‘சரியானது’. பெரும்பாலும் நாம் பூனையின் சளியைக் கவனிப்பதே இரண்டாம் மூன்றாம் நாளில். கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுக்கத் தொடங்குவது ஐந்தாம் நாளில். சிக்கலில்லாத சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகத் தணியும் என்னும்போது, ஐந்தாம் நாள் கொடுத்த எதுவும் ஒன்பதாம் நாள் வேலை செய்ததாகத்தான் தோன்றும். அடுத்த முறை அதே பூனைக்குச் சளி வந்தபோது நான் எதையும் கலக்கவில்லை; அப்போதும் ஒன்பது நாள்தான் ஆனது.

தவிர, உங்கள் பூனையின் சளிக்குக் காரணம் காலிசியோ கிளமிடியாவோ என்றால், லைசினை ஆதரிப்பவர்கள் சொல்லும் விளக்கத்தின்படி பார்த்தாலும் அதற்கு அங்கே வேலை கிடையாது.

இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று நிறுத்தலாமா?

நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. மனிதர்களுக்கான திரவ வடிவத்தை வாங்கியிருந்தால் புட்டியின் பின்புறச் சீட்டைப் படியுங்கள். புரொப்பிலீன் கிளைக்கால் என்று இருந்தால் இன்றே ஒதுக்கிவிடுங்கள். அது பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் அமெரிக்காவில் 1996இலேயே பூனை உணவில் அதைச் சேர்ப்பது தடை செய்யப்பட்டது.

வைட்டமின் சி நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டாதா?

நாம் வைட்டமின் சியை உணவிலிருந்துதான் பெற வேண்டும்; பூனை அதைத் தன் ஈரலில் தானே தயாரித்துக்கொள்கிறது. மிகையாகக் கொடுப்பதில் ஒரு பகுதி ஆக்சலேட்டாகச் சிறுநீரில் வெளியேறும், கல் உண்டாகும் தன்மையுள்ள பூனைக்கு அது வம்பு. ஆரஞ்சு மணக்கும் மாத்திரையைப் பூனையின் வாயில் திணிக்க நடக்கும் மல்யுத்தத்தில் பூனைக்கு ஏற்படும் பதற்றமே ஹெர்பிஸைத் தட்டி எழுப்பப் போதுமானது.

புரோபயாட்டிக் பவுடர் கொடுக்கலாமா?

துணைச்சத்துகளில் நான் ஓரளவு இடம் கொடுப்பது, குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய இதற்குத்தான். என்டெரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68 என்ற நுண்ணுயிரை, நாட்பட்ட ஹெர்பிஸ் தொற்றுள்ள பன்னிரண்டு பூனைகளை வைத்துச் சோதித்த ஒரு முன்னோட்ட ஆய்வு 2009இல் வந்தது. கொடுக்கப்பட்ட சில பூனைகளில் கண் அழற்சி குறைந்ததாக அது சொன்னது. பன்னிரண்டு பூனைகள் என்பது ஒரு தெருவின் பூனைகள்தான். அதை வைத்துச் சளிக்கு மருந்து என்று சொல்ல முடியாது. எனினும், ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது வயிற்றுப்போக்கு வரும் பூனைகளுக்குப் பயன்படக்கூடும், பெரும்பாலும் தீங்கும் இல்லை. பூனைகளுக்கென்று தயாரித்ததையே வாங்குங்கள். ஆன்டிபயாட்டிக் வேளைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சில பூனைகளுக்கு இதன் மணம் பிடித்துப்போய், பவுடர் தூவியதாலேயே தட்டை நக்கித் தீர்த்துவிடும். மூக்கடைத்த பூனையிடம் அதுவே லாபம்.

மீன் எண்ணெய்?

மீன் எண்ணெயையும் மீன் ஈரல் எண்ணெயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் செறிந்திருக்கும். இரண்டும் உடலில் சேர்ந்துகொண்டே போகக்கூடியவை. நெடுநாள் ஈரலும் ஈரல் எண்ணெயுமாக வளர்ந்த பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். சாதாரண மீன் எண்ணெய் சளிக்கு உதவும் என்பதற்குச் சான்று இல்லை. அதிகமானால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

துளசி, கற்பூரவள்ளி, மஞ்சள், தேன், கஷாயம்?

நம் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பதைப் பூனைக்கும் கொடுக்கத் தோன்றுவது அன்பினால்தான். ஆனால் பூனையின் ஈரல் நம்முடையதைப் போன்றதன்று. பல தாவரப் பொருள்களையும் மருந்துகளையும் உடலிலிருந்து கழித்து வெளியேற்ற நமக்குப் பயன்படும் ஒரு நொதி பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. தூய இறைச்சித் தின்னியாக வாழ்ந்த விலங்குக்கு அது தேவைப்படாமல் போயிருக்கலாம். இதனால் நமக்கு ஒன்றும் செய்யாத அளவே அதற்கு நஞ்சாகிவிடுகிறது.

கஷாயத்திலும் ரசத்திலும் தப்பாமல் சேரும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. சளிக்கு நல்லது என்று வீட்டில் வைத்த கோழி ரசத்தைப் பூனைக்கும் ஒரு கரண்டி ஊற்றுவது வழக்கமாக நடக்கும் தவறு. கோழிச்சாறு கொடுக்க விரும்பினால், உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்ப்பதற்கு முன்பே கொதிக்கும் பானையிலிருந்து தனியே எடுத்து ஆறவையுங்கள்.

யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், மார்பில் தேய்க்கும் களிம்பு ஆகியவற்றைப் பூனையின் மேல் தடவவே கூடாது, ஆவி பிடிக்கும் நீரிலும் போடக் கூடாது. தடவினால் அது நக்கும். நக்கியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

பாரசிட்டமால் சிரப் சில துளிகள்?

ஒரு துளியும் கூடாது. ஒரு சாதாரண மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, நேரம்தான் குறைவு.

பூனை சாப்பிடவே மறுக்கிறது. சத்து டானிக் கொடுக்கட்டுமா?

சளி பிடித்த பூனைக்கு உண்மையான துணைச்சத்து உணவுதான். மற்ற எந்தக் கேள்வியையும்விட இதற்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன்.

பூனை உணவை நாக்கால் தேர்ந்தெடுப்பதில்லை, மூக்கால் தேர்ந்தெடுக்கிறது. மூக்கு அடைத்துக்கொண்டால் தட்டில் இருப்பது உணவு என்பதே அதற்கு உறுதிப்படாது. எங்கள் சாம்பல் பூனை அந்த முதல் சளியின்போது தட்டருகே வரும், மோந்து பார்க்கக் கழுத்தை நீட்டும், மூக்கில் ‘பொறுக் பொறுக்’ என்று குமிழ் உடையும் சத்தம் கேட்கும், பிறகு தட்டைச் சுற்றித் தரையை முன்காலால் பிறாண்டிவிட்டுப் போய்விடும். நான் செய்த முட்டாள்தனம், அந்தத் தட்டு மீனில்தான் லைசின் பவுடரையும் கலந்து வைத்திருந்தேன். அரைகுறையாகத் தின்ன வந்ததையும் அந்தப் பவுடரின் சுவை விரட்டிவிட்டது. அதன் பிறகு பல நாள் அதே வகை மீனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதலில் மூக்கைத் திறந்துவிடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவை மூடி, அந்த ஈர ஆவியில் பூனையோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம். நெபுலைசர் இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனை மட்டும் ஊற்றலாம். பிறகு அதே சலைனில் நனைத்த பஞ்சால் காய்ந்த சளியை ஊறவைத்துத் துடையுங்கள், உரித்தெடுக்காதீர்கள். கண்ணுக்கு வேறு பஞ்சு. இது முடிந்த கையோடு உணவை வையுங்கள்.

உணவு உடல் சூட்டில், அதாவது சுமார் 38 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பையோடு வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். புறங்கையில் வைத்துப் பார்த்தால் சூடோ குளிரோ தெரியக் கூடாது. உப்பில்லாமல் அவித்த நெத்திலி, அவித்த நீரோடு மசித்த கோழி, ஈர உணவுப் பொட்டலம் என்று வாடை தூக்கலாக இருப்பவற்றில் எது போகிறதோ அது. வாயில் புண் இருந்தால் கூழாக அரைத்துக் கொடுங்கள். உலர் தீவனம் அந்தப் புண்ணில் குத்தும். சமச்சீர் உணவா என்று மூன்று நாளைக்கு ஆராய வேண்டாம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஓய்வில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி தேவை. அந்த எண்ணை நோக்கிப் போகிறோமா என்பதுதான் கணக்கு.

இரண்டு நாள் முழுதாகப் பட்டினி என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள், குட்டியென்றால் அரை நாளே அதிகம். பட்டினி கிடக்கும் பூனையின் உடற்கொழுப்பு ஈரலில் குவிந்து ஈரலையே முடக்கிவிடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து கூடுதல். சர்க்கரைப் பாகில் வைட்டமின் கலந்த டானிக் இதைத் தடுக்காது. பசியைத் தூண்டும் மிர்டசபைன் போன்ற மருந்து, இரத்தக்குழாய் வழியே திரவம், தேவையானால் உணவு செலுத்தும் குழாய் என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. சிரிஞ்சில் ஊற்றுவதை அவரிடம் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

மருத்துவர் கொடுத்த மருந்தோடு துணைச்சத்தும் சேர்த்துக் கொடுக்கலாமா?

எதைக் கொடுக்கிறீர்கள் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பூனைச் சளிக்கு மிகுதியும் எழுதப்படும் ஆன்டிபயாட்டிக் டாக்ஸிசைக்ளின். இரும்பு, கால்சியம், துத்தநாகம் ஆகியவை அதனோடு ஒட்டிக்கொண்டு அது இரத்தத்தில் சேராமல் தடுத்துவிடும். இரும்புச்சத்து டானிக்கையும் இந்த மருந்தையும் ஒரே வேளையில் கொடுப்பவர், வாங்கிய மருந்தில் ஒரு பகுதியைக் கழிவுத்தட்டில் கொட்டுகிறார் என்று பொருள். பாலில் கலந்து கொடுப்பதும் அப்படியே. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாகிக் குழாய் சுருங்கிவிடும். ஆகவே விழுங்கியதும் ஐந்து ஆறு மில்லி தண்ணீரையோ சிறிது ஈர உணவையோ கொடுத்து இறக்கிவிட வேண்டும்.

மூக்கிலிருந்து மஞ்சளாகச் சளி வருவதாலேயே ஆன்டிபயாட்டிக் தேவை என்று ஆகிவிடாது. காய்ச்சலோ சோர்வோ உணவு மறுப்போ இல்லாவிட்டால் முதல் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதே 2017இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதல். ஹெர்பிஸுக்கு ஃபாம்சைக்ளோவிர் என்ற உண்மையான வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. மனிதர்களுக்கு எழுதப்படும் அசைக்ளோவிர் மாத்திரையை அதற்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

எந்த நிலையில் எதையும் முயலாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வாயைத் திறந்து மூச்சு விடுதல். தூங்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு. கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்குதல் அல்லது கருவிழி மங்குதல். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருத்தல். தடுப்பூசி போடாத குட்டி என்றால் தும்மலோடு சோர்வு சேர்ந்தாலே போதும்.

மாதம் ஒரு முறை வந்துகொண்டே இருக்கிறது. எதிர்ப்பாற்றலைக் கூட்ட ஏதாவது?

‘இம்யூனிட்டி’ என்று அட்டையில் அச்சிட்ட பொருளை வாங்கும் முன், சளி வந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று குறித்துப் பாருங்கள். நெருக்கடி நடந்த நாளுக்கும் ஹெர்பிஸ் வெளிப்படுவதற்கும் இடையில் சில நாள் இடைவெளி இருக்கும் என்பதால் நாம் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஊரிலிருந்து உறவினர் வந்து தங்கிப் போன ஒவ்வொரு முறையும் பூனைக்குச் சளி வந்தது. விருந்தினர் அறைக்கட்டிலின் அடிதான் அதன் ஒளிவிடம் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். மாடி அறையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தார்கள். இருபது ரூபாய்கூட ஆகவில்லை.

தடுப்பூசி தொற்றையே தடுத்துவிடாது, ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். ஒரே பக்க மூக்கில் மட்டும் சளியோ இரத்தமோ வந்தால் அது வழக்கமான சளியாக இல்லாமல் போகலாம். பல், கட்டி, பூஞ்சை, மூக்கில் சிக்கிய புல் என்று தேட வேண்டிய காரணங்கள் வேறு.

வீட்டில் இருக்கும் மற்ற பூனைகளுக்கும் முன்கூட்டியே துணைச்சத்து கொடுத்து வைக்கலாமா?

வேண்டாம். அந்தப் பணத்துக்கு இன்னொரு தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் கழிவுத்தட்டும் வாங்கி, நோயுற்ற பூனையைத் தனி அறையில் வையுங்கள். ஹெர்பிஸ் வெளியில் ஒரு நாள்கூடத் தாங்காது, காலிசியோ தரையிலும் துணியிலும் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிய தரையில் அதைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்திய பின் பூனையை உள்ளே விடலாம். நலமாக உள்ள பூனைகளுக்கு முதலில் உணவு வைத்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியாகக் கவனியுங்கள். வெளியே வந்ததும் கையோடு சட்டையையும் மாற்றுங்கள், அது உங்கள் தோளில்தான் தும்மியிருக்கும்.